குப்பிப் புரதமும் விதைநெல்லும்

உயிரியல் ஆய்வுகூடங்களுக்குப் பண்டம் விற்கும் மேனாட்டுக் கம்பனிகளின் விலைப்பட்டியல்களில் இன்று மனித உடலின் புரதங்கள் ஆயிரக்கணக்கில் அணிவகுத்து நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம், ஓர் எடை, ஒரு விலை. அவற்றுள் ஒன்று மனிதப் புரோத்தன் பம்பியின் உபஅலகுப் புரதம். மனிதனின் பரம்பரை அலகைப் பற்றீரியாவினுள் புகுத்தி, அப்பற்றீரியாவைக் கொண்டே ஆக்குவித்த பண்டம் அது. குப்பியின் மேல் “ஆய்வுக்கு மட்டும்” என்று ஒட்டியிருப்பார்கள். எடை 10 மைக்ரோகிராம், 50 மைக்ரோகிராம் என்ற கணக்கிலே இருக்கும். விலையோ நூற்றுக்கணக்கான டொலர். 10 மைக்ரோகிராமுக்கு 200 டொலர் என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். ஒரு கிராமின் விலை 2 கோடி டொலராகிறது. ஒரு கிராம் வாங்குவார் எவருமில்லை என்பது உண்மைதான். ஆயினும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத உயிரியல் ஆசிரியர், தாம் எந்தச் சந்தையின் வாசலில் நிற்கிறோம் என்பதை அறியமாட்டார்.

விலை மிகை என்று புலம்புவது எனது நோக்கமன்று. தூய்மை சோதித்தல், உறைகுளிரில் அனுப்புதல், கெட்டுப்போனதை எறிதல் எல்லாவற்றுக்கும் செலவு உண்டென்பதை ஒப்புக்கொள்கிறேன். என் வழக்கு வேறு. அந்தக் குப்பிக்குள் இருக்கும் அறிவு பொதுமக்களின் பணத்தாலும் பல நாட்டு உழைப்பாளரின் கையாலும் உண்டானது. அதைத் திருப்பி நமக்கே விற்கிறார்கள். நாமோ, நாமே செய்யக்கூடியதைச் செய்யக் கற்காமல், வாங்க இயலவில்லையே என்று மட்டும் வருந்திக்கொண்டிருக்கிறோம். இவ்விரண்டில் இரண்டாவதே எனக்குப் பெரிய கோபத்தைத் தருகிறது.

முதலில் பண்டத்தை அறிந்துகொள்வோம். இலத்திரனை இழந்த ஐதரசன் அணுவே புரோத்தன். அது மிகும் இடத்தில் அமிலம் மிகும். கலத்தின் எந்த அறையில் அமிலம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பது உயிர்வாழ்வின் அடிப்படை விதிகளுள் ஒன்று. கழிவைச் செரிக்கும் இலைசோசோம்களில் அது மிகுந்திருக்கவேண்டும். சூழ்ந்துள்ள குழியவுருவில் மிகலாகாது. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பது மென்சவ்வில் பதிந்திருக்கும் புரோத்தன் பம்பி. இதன் ஒரு பாதி மென்சவ்வுக்கு வெளியே நின்று ஏ.ரீ.பி. என்னும் எரிபொருளை உடைக்கிறது. உடைக்குந்தோறும் நடுவிலுள்ள தண்டு சுழல்கிறது. தண்டோடு சேர்ந்து மென்சவ்வினுள் இருக்கும் வளையமும் சுழல்கிறது. வளையத்தில் ஏறிய புரோத்தன்கள் ஒருபுறமிருந்து மறுபுறம் இறங்குகின்றன. வயலுக்கு நீர் இறைக்கும் இயந்திரத்தைப் பார்த்தவனுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. அளவுதான் வேறு, ஒரு பம்பியின் உயரம் ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் இரண்டு மூன்று பங்கு.

இந்த இயந்திரம் பதின்மூன்றுக்கு மேற்பட்ட வகை உபஅலகுகளால் ஆனது. சில ஒன்றேயாக வரும். சில மும்மூன்றாக வரும். தனியே பிரித்தெடுத்த ஓர் உபஅலகு பம்பி ஆகாது. அது ஒரு புரோத்தனையும் நகர்த்தாது. அப்படியானால் அதை ஏன் விலை கொடுத்து வாங்குகிறார்கள்? அதற்கு எதிரான பிறபொருளெதிரியை உண்டாக்கவும், இழையங்களில் அப்புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஓர் அளவுகோலாகவும், பழுதுற்ற புரதத்தைப் பழுதற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். முழுப் பம்பியையும் பிரித்து ஆராய்வது பெரிய ஆய்வுகூடங்களின் வேலை; மென்சவ்வினுள் பதிந்த உபஅலகுகளும் எளிதில் வசப்படுவன அல்ல. ஆனால் வெளியே நிற்கும் பாதியின் உபஅலகுகள் பலவற்றை, நுண்ணுயிர் வளர்க்கத் தெரிந்த ஒரு பட்டதாரி மாணவி ஆக்கிப் பார்க்க முனையலாம்.

எவ்வாறு? மனிதப் பரம்பரை அலகின் பிரதியைப் பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் செருகவேண்டும். அவ்வளையத்தை ஈ.கோலை என்னும் பற்றீரியாவின் தீங்கற்ற ஆய்வுகூட வகையொன்றினுள் புகுத்தவேண்டும். கரைசலில் குலுக்கி வளர்த்து, ஏவற்பொருள் ஒன்றைச் சேர்த்தால் பற்றீரியா நம் புரதத்தைச் செய்யத் தொடங்கும். பின்னர் அதை உடைத்து, நிக்கல் ஏற்றிய நிரலின் வழியே ஊற்ற, நாம் முன்னரே வாலாகக் கட்டிவைத்த ஆறு ஹிஸ்ரிடின்களின் உதவியால் அப்புரதம் மட்டும் நிரலில் ஒட்டிக்கொள்ளும். கழுவி இறக்கி, ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் ஒரு நீலக் கோடு. எல்லாம் சரியாக நடந்தால் ஒரு வாரத்து வேலை. எல்லாம் சரியாக நடப்பதில்லை. புரதம் கட்டியாகிக் கரைய மறுக்கும், அளவு குறையும், மீண்டும் தொடங்கவேண்டிவரும். அப்படித் தொடங்கித் தொடங்கித்தான் உலகத்தில் எவரும் இதைக் கற்றார்கள்.

இனி, இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று கேட்போம். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் ஜென்ஸ் ஸ்கௌ என்ற மருத்துவர், மீனவர் ஒருவரிடமிருந்து கரையோர நண்டுகளைப் பெற்று, அவற்றின் கால் நரம்புகளை அரைத்து ஆராய்ந்தார். 1957இல் அவர் வெளியிட்ட கட்டுரையே, அயன்களை மென்சவ்வுக்கு அப்பால் தள்ளும் பம்பியொன்று நொதியமாக இனங்காணப்பட்டதன் தொடக்கம். அது சோடியத்தையும் பொற்றாசியத்தையும் இடம்மாற்றும் பம்பி. இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்பி அதன் நெருங்கிய உறவு. நாம் மேலே பார்த்த சுழலும் பம்பியின் உறவினம் வேறு, ஏ.ரீ.பி.யை ஆக்கும் நொதியத்தோடு சேர்ந்தது அது. அந்நொதியம் எவ்வாறு சுழன்று வேலை செய்கிறது என்று காட்டிய போல் போயருக்கும் ஜோன் வோக்கருக்கும், ஸ்கௌவுக்கும் சேர்த்து 1997இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் கரைவலைக்காரர் வலையிலிருந்து உதறி எறிகின்ற நண்டின் உறவுதான் ஸ்கௌவின் நண்டும். மூலப்பொருள் இன்மையால் விஞ்ஞானம் நமக்கு எட்டவில்லை என்று இனி எவரும் சொல்லவேண்டாம்.

மனிதப் பரம்பரை அலகுகளின் வரிசை யாவருக்கும் பொதுவாகக் கிடைக்கிறதென்றால் அதுவும் தானாக நேர்ந்ததன்று. 1990இல் தொடங்கி 2003இல் முடிந்த மனித ஜீனோம் திட்டம் பெரும்பாலும் அரசுகளும் அறக்கட்டளையும் கொடுத்த பணத்தில் நடந்தது. வாசித்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் உலகுக்கு வெளியிடவேண்டும் என்று 1996இல் பெர்மியூடாவில் கூடி முடிவுசெய்தார்கள். ஜோன் சல்ஸ்டன் போன்றோர் அதற்காக வாதாடி நின்றிராவிட்டால், தனியார் கம்பனியொன்று அவ்வரிசைக்கு வேலி போட்டிருக்கும். பரம்பரை அலகை ஒட்டும் முறையோ? 1973இல் ஸ்டான்லி கோஹனும் ஹேர்பேட் போயரும் அதைக் கண்டது அமெரிக்க மக்களின் வரிப்பணத்தில். அதற்கு 1980இல் வழங்கப்பட்ட காப்புரிமை 1997இல் முடிவதற்குள் ஈட்டிக்கொடுத்தது ஏறத்தாழ 25 கோடி டொலர். அந்தப் போயரே 1976இல் ஜெனன்டெக் கம்பனியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். 1982இல் பற்றீரியா செய்த மனித இன்சுலின் மருந்துக்கடைக்கு வந்தது. அது மனித குலத்துக்குப் பெரிய பேறு. அதை மறுப்பவன் மூடன். ஆனால் அரசின் ஆய்வுகூடத்தில் விளைந்தது பங்குச்சந்தையில் அறுவடையாயிற்று என்பதும் அதே வரலாற்றின் பகுதி.

2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மனிதப் பரம்பரை அலகு இயற்கையின் ஆக்கம், அதற்குக் காப்புரிமை இல்லை என்று தீர்த்தது. மகிழ்வோம். அதே தீர்ப்பு, ஆய்வுகூடத்தில் இடைத்துண்டுகளை நீக்கி எழுதிய பிரதிக்குக் காப்புரிமை பெறலாம் என்றும் சொன்னது. பற்றீரியாவுக்குக் கொடுக்கப்படுவது அந்தப் பிரதிதான்! வாசற்கதவைத் திறந்துவிட்டுக் குசினிக் கதவைப் பூட்டிய கதை இது.

பூட்டும் கலையில் இரைப்பைப் பம்பியின் வரலாறு இன்னும் தெளிவான பாடம். கல்முனைக் கடைத்தெருவில் எந்தப் பாமசியிலும், நோன்பு மாதத்தில் சிறப்பாக, ‘கேஸ்திரிக்’ என்று சொல்லி மனிதர் கேட்டு வாங்கும் ஒமிப்பிரசோல், இரைப்பையின் புரோத்தன் பம்பியைப் பற்றிப் பிடித்து நிறுத்தும் மருந்து. ஸ்வீடனின் அஸ்ட்ரா கம்பனியில் 1979இல் தொகுக்கப்பட்டு 1988இல் சந்தைக்கு வந்தது. அருமையான மருந்துதான், இரைப்பைப் புண்ணின் வேதனையிலிருந்து கோடிக்கணக்கானோரைக் காத்தது. காப்புரிமை முடிகிற காலம் நெருங்கியபோது கம்பனி என்ன செய்தது? அதே மூலக்கூறின் இரு கை வடிவங்களில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் புதிய பெயரிட்டுப் புதிய விலையில் விற்றது. மலிவான மாற்று மருந்துகளைத் தடுக்கக் காப்புரிமை அலுவலகங்களைத் தவறாக வழிநடத்தியது என்று கண்டு, ஐரோப்பிய ஆணைக்குழு 2005இல் அக்கம்பனிக்கு 6 கோடி யூரோ தண்டம் விதித்தது. மேன்முறையீட்டில் தொகை சற்றுக் குறைந்தது. குற்றத் தீர்ப்பு 2012இல் உறுதியாயிற்று. இவையெல்லாம் ஐரோப்பாவின் நீதிமன்ற ஏடுகளில் இருப்பவை. சதிக்கதை என்று எவரும் ஒதுக்கவேண்டாம்.

“இதெல்லாம் நமக்கெதற்கு? நெல்லுக்கு விலையில்லை, உரத்துக்கு வழியில்லை. புரோத்தன் பம்பியின் உபஅலகைக் கட்டிக்கொண்டு அழவேண்டுமா?” என்று கேட்பவர் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், நியாயமான கேள்வி. ஒரு குழந்தையின் பெயரால் விடை சொல்கிறேன்.

சிறுநீரகத்தில் அமிலத்தை வெளியேற்றுவதும் இந்தச் சுழலும் பம்பியே. அதன் ‘பி1’ என்னும் உபஅலகு பழுதுற்றால் சிறுநீரகம் அமிலத்தைக் கழிக்க இயலாமல் தவிக்கும். குழந்தை வளராது, வாந்தி, நீரிழப்பு, என்பு மெலிவு, சிறுநீரகத்தில் சுண்ணப் படிவு. அதே உபஅலகு உட்காதிலும் வேலை செய்வதால் செவியும் மங்கும். இவ்விரண்டுக்கும் காரணம் அந்த ஒரே பரம்பரை அலகுதான் என்று 1999இல் கண்டறிந்தார்கள். மற்றோர் உபஅலகு பழுதுற்றால் என்பைக் கரைத்துப் புதுப்பிக்கும் கலங்கள் செயலிழந்து, என்பு தடித்து, மச்சைக்கு இடமில்லாமற் போய், பார்வையும் கெடும். இவை தாய் வழியும் தந்தை வழியும் பழுதுற்ற பிரதி வந்து சேரும்போது தோன்றும் நோய்கள். உறவுக்குள் மணம் முடிக்கும் சமூகங்களில் இத்தகைய சந்திப்பு கூடுதலாக நேரும். மச்சானுக்கு மச்சாள் என்ற முறை நம் கரையில், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், குடிவழி மரபோடு ஒட்டி வந்த பழைய வழக்கம். அவ்வழக்கத்தை இழித்துப் பேச நான் வரவில்லை. அந்த வழக்கமுள்ள ஊர்களில் வளர்ச்சி குன்றிய, செவி மங்கிய பிள்ளைகளைத் தேடிக் கணக்கெடுத்துச் சோதிப்பது யாருடைய கடமை என்றே கேட்கிறேன்.

முதலாவது நோய்க்கு மருந்து என்ன தெரியுமா? காரம். சோடியம் பைகாபனேற்று அல்லது சித்திரேற்று உப்பு. நம் வீட்டுக் குசினியில் அப்பச்சோடா என்று வைத்திருக்கிறோமே, அந்த இனத்துப் பொருள்! வைத்தியரின் அளவீட்டோடு நாள்தோறும் கொடுத்துவந்தால் பிள்ளை வளரும், சிறுநீரகம் காக்கப்படும். இழந்த செவியை அது மீட்டுத் தராது. ஆயினும் செவி மங்குவதை முன்னறிந்தால் பள்ளிக்கூடத்தில் பின்வாங்கில் மந்தன் என்று ஒதுக்கப்படும் பிள்ளைக்குக் காதுக்கருவியாவது கொடுக்கலாம். மருந்து மலிவு, நோயை அறியும் அறிவு மட்டும் விலையுயர்ந்தது.

இங்கேதான் அந்தக் குப்பி வருகிறது. நம் ஊர்க் குடும்பமொன்றில் அந்தப் பரம்பரை அலகில் புதிய மாற்றமொன்று காணப்பட்டதென்று கொள்வோம். அது தீங்கானதா, தீங்கற்ற வேறுபாடா? வரிசையை மட்டும் பார்த்துச் சொல்லமுடியாது. அந்த மாற்றத்தோடு கூடிய புரதத்தைச் செய்து, பழுதற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். விலைப்பட்டியலில் இருப்பது பொதுவான புரதம். சாய்ந்தமருதுக் குடும்பத்தின் மாற்றமும் நிந்தவூர்க் குடும்பத்தின் மாற்றமும் எந்தப் பட்டியலிலும் வரப்போவதில்லை, அதற்குச் சந்தையில்லை. தனியே செய்து தரச்சொன்னால் தனி விலை. ஆகவே வாங்கப் பணமிருந்தாலும் போதாது, செய்யத் தெரிந்திருக்கவேண்டும்.

இந்த உண்மையை மருந்துத் துறையில் முதலிற் கண்டவர் நம் நாட்டவர். பேராசிரியர் சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971இல் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வியாபாரப் பெயர்களில் வந்து குவிந்த மருந்துகளை அவர் ஏறத்தாழ அறுநூறாகக் குறைத்தார். பெயருக்கு விலை கொடுக்காமல் பொருளுக்கு விலை கொடுக்கச் செய்தார். 1974இல் வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் மலிவாக வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு டெட்ராசைக்ளின் கப்சியூல் செய்து தருமாறு இங்கே இயங்கிய பைஸர் கம்பனியிடம் கேட்டார்கள். அது மறுத்தது. நடவடிக்கை எடுக்க அரசு முனைந்தபோது அமெரிக்கத் தூதுவர் பிரதமரிடமே தலையிட்டார். இதைப் பிபிலேயும் சஞ்சய லாலும் எழுதிவைத்திருக்கிறார்கள். பிபிலே 1977 செப்ரெம்பரில் கயானாவில் காலமானார். அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. நம் நாடோ அதே ஆண்டில் சந்தையைத் திறந்துவிடும் ஆட்சியைத் தேர்ந்துகொண்டது.

விளைவைப் பின்னர் கண்டோம். 2022இல் டொலர் வறண்டபோது பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்தின்றி வழக்கமான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. 2023இல் மனித இம்யூனோகுளோபியூலின் என்ற பெயரில் அரச வைத்தியசாலைகளுக்கு வந்த குப்பிகள் தரங்கெட்டவை என்று வெளிப்பட்டது. ஆவணங்கள் போலியானவை என்ற குற்றச்சாட்டில், சுகாதார அமைச்சராய் இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைதானார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். இம்யூனோகுளோபியூலினும் ஒரு புரதம். குப்பியைக் கையில் வாங்கியவுடன் அதற்குள் அந்தப் புரதம் உண்டா, எவ்வளவு உண்டு என்று ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் ஊர்தோறும் இருந்திருந்தால், நோயாளியின் நரம்பில் ஏறிய பிறகா அறிந்திருப்போம்? புரதம் செய்யத் தெரிந்தவனே புரதத்தைச் சோதிக்கவும் தெரிந்தவன். இரண்டும் ஒரே கைப்பழக்கம்.

நம் அணியிலும் ஒரு நோய் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பரம்பரை அலகு, மீளிணைப்பு என்ற சொற்களைக் கேட்ட மாத்திரத்தில் “ஏகாதிபத்திய விஞ்ஞானம்” என்று கையுதறும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சோவியத் நாட்டின் ஒரு கசப்பான அத்தியாயத்தை வாசிக்கட்டும். 1948இல் லைசென்கோவின் கூட்டம் பரம்பரையியலை முதலாளித்துவப் பொய் என்று தடைசெய்தது. உலகெங்கும் அலைந்து தானிய விதைகளைச் சேர்த்த நிக்கொலாய் வவிலோவ் அதற்கு முன்பே, 1943இல், சிறையில் மடிந்திருந்தார். லெனின்கிராட் முற்றுகையில் அவர் சேர்த்த விதைகளைக் காத்த ஊழியர்கள், கையருகே தானியமிருந்தும் உண்ணாமல் பட்டினியால் இறந்தார்கள். அந்த ஊழியர்கள்தாம் என் கண்ணில் மக்கள் விஞ்ஞானிகள், லைசென்கோ அல்லன்.

மறுபுறத்தில், நம் ஊர் மேடைகளில் இப்னு ஸீனாவின் பெயரைச் சொல்லி மார்தட்டுவோர். இப்னு ஸீனா பெரியவர், ஐயமில்லை. அவர் தம் காலத்து மருத்துவம் முழுவதையும் கற்று, தாமே நோயாளரைப் பார்த்து எழுதினார். அவர் பெயரால் மண்டபம் கட்டி வாசலில் கல்வெட்டுப் பதிப்பவர்கள், அந்த மண்டபத்தில் ஒரு குலுக்கும் அடைகருவி வாங்கி வைத்தால் அவர் ஆன்மா கூடுதலாக மகிழும்.

பிறர் செய்து காட்டியிருக்கிறார்கள். பின்லாந்தின் காரி கந்தெல் இன்ரபெரோன் செய்யும் தம் முறைக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. 1981இல் கியூப விஞ்ஞானிகள் சிலர் அவரது ஆய்வுகூடத்தில் சில நாள் தங்கிக் கற்றுத் திரும்பி, ஹவானாவில் ஒரு வீட்டில் அதைச் செய்தார்கள். அவ்வாண்டின் டெங்குக் கொள்ளைநோயில் பயன்படுத்தினார்கள். அதிலிருந்து வளர்ந்ததே 1986இல் திறக்கப்பட்ட அவர்களின் மரபணுப் பொறியியல் நிலையம். ஹைதராபாத்தில் சாந்தா பயோரெக்னிக்ஸ் 1997இல் மீளிணைப்பு முறையில் ஹெப்பரைரிஸ் பி தடுப்பூசி செய்தபோது இந்தியாவில் அதன் விலை பன்மடங்கு சரிந்தது. ஆனால் அந்நிறுவனம் பின்னர் பிரெஞ்சு முதலாளிகளின் கைக்குப் போயிற்று. செய்யக் கற்பது ஒன்று, செய்ததைப் பொதுவில் வைத்திருப்பது மற்றொன்று. இரண்டாவதற்குக் கியூபாவின் வழியே நெருக்கம்.

நாம் எங்கே தொடங்குவது? போர்க்காலத்தில் படிப்புத் தடைப்பட்ட நம் மாணவருக்காக 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1996இல் பல்கலைக்கழகமானது ஒலுவிலின் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. இலட்சக்கணக்கில் செலவிட்டு ஒரு பெரிய இயந்திரத்தை இறக்கி, நாடா வெட்டிப் படமெடுத்து மூடிவைப்பது நம் நாட்டின் எல்லாப் பீடங்களுக்கும் பொதுவான வழக்கம், அது வேண்டாம். குலுக்கும் அடைகருவி, மையநீக்கி, ஜெல் தட்டு, நிக்கல் நிரல், ஓர் ஒழுங்கான குளிர்ப்பெட்டி. இவையும், பொறுமையுள்ள விரிவுரையாளர் ஒருவரும் போதும். பாடமும் தமிழில் வேண்டும். உயர்தரம் வரை புரோத்தன், இலத்திரன், குழியவுரு என்று தமிழிற் கற்ற மாணவி, பல்கலைக்கழகத்தில் காலெடுத்து வைத்தவுடன் ஊமையாகிறாள். ஆங்கிலம் கற்கட்டும், கட்டாயம் கற்கட்டும். ஆனால் புரதம் கட்டியாகிக் கரைய மறுப்பது ஏன் என்று அவள் தன் மொழியில் வாதாடிப் பழகவேண்டாமா? நம் ஆசிரியர்கள் தமிழில் செய்முறைக் கையேடு ஒன்றை எழுதட்டும். ஐம்பதுகளில் இந்நாட்டில் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தொகுத்தவர்கள் செய்த வேலையின் தொடர்ச்சி அது.

நெல்விளையும் ஊரில் இதை விளக்க எனக்கு வேறு உவமை தேவையில்லை. விற்பனைக் குப்பியில் இருப்பது அரிசி, பிளாஸ்மிட்டோ விதைநெல். அரிசியைச் சமைத்தால் தீர்ந்தது. விதைநெல்லை வைத்திருப்பவன் போகந்தோறும் விதைப்பான். மருதமுனை நெசவாளியிடம் தறியும் கைத்திறனும் இருந்தும், நூல் வியாபாரி விலையேற்றினால் தறி ஓய்கிறது. நம் உயிரியல் மாணவரிடம் தறியும் முழுதாய் இல்லை, நூலும் இல்லை. துணியின் படத்தை மட்டும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறோம். ஆனால் இந்த நூல் கிடைக்காத நூலன்று. 2004இல் தொடங்கப்பட்ட அட்ஜீன் என்ற இலாபநோக்கற்ற களஞ்சியம் பிளாஸ்மிட் ஒன்றை 100 டொலருக்கும் குறைவாகக் கல்வி நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. பெற்றவர் பிறரோடு பங்கிடத் தடையில்லாத ஒப்பந்தத்தின் கீழ் வரும் தொகுதிகளும் உள. 10 மைக்ரோகிராம் புரதத்தின் விலைக்கு, அதை ஆயுள் முழுதும் செய்துகொள்ளும் வித்து.

2022 மார்ச் மாதத்தின் கடைசி நாள் இந்நாட்டில் 13 மணி நேரம் மின்வெட்டு. உறைகுளிரில் வைத்தாலன்றிக் கெட்டுவிடும் புரதக் குப்பி, கட்டுநாயக்கவில் இறங்கி, சுங்கத்தில் காத்துக்கிடந்து, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்திருந்தாலும், அந்த ஓர் இரவில் அதன் கதை முடிந்திருக்கும். பிளாஸ்மிட்டை வடிதாளில் ஒரு துளி இட்டு உலர்த்தி மேசை இழுப்பறையில் வைத்தால் அதற்கு மின்சாரம் தேவையில்லை. மின் வந்தபின் அந்தத் துண்டைக் கரைத்துப் பற்றீரியாவில் ஏற்றி மறுபடி வளர்க்கலாம். உரிய அனுமதியோடு அதே தாளில் இன்னொரு துண்டை வெட்டித் தபாலுறையில் இட்டு, சம்மாந்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் பேராதனைக்கும் அனுப்பலாம். செலவு, ஓர் உறையும் ஒரு முத்திரையும்.